ஹார்ட் டிஸ்க் போய்வந்த வீடு

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டுகூடத் தேவையில்லை. திங்கட்கிழமை காலை பதினொரு மணி. ஓசூர் சிப்காட்டில் நல்ல வெயில். பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் தடதடவென்று தகடு வெட்டிக்கொண்டிருந்தது. என் முழங்கால் அதைவிட வேகமாக ஆடிக்கொண்டிருந்தது.

காரணம், கம்பெனி கேட்டில் சரஸ்வதி என் கையில் திணித்த பிளாஸ்க்.

"ஐஸ் போட்டிருக்கேன் அண்ணா. உள்ள ரெண்டு இன்சுலின் பாட்டில், சிரிஞ்சு, எவ்ளோ போடணும்னு எழுதின சீட்டு எல்லாம் இருக்குது. கண்ணாடி பிளாஸ்க், கீழ மட்டும் போட்டுடாதீங்க."

அவள் புருஷன் திம்மப்பன் இந்தக் கம்பெனியில் டிராயிங் போடுகிறவன். காவேரிப்பட்டினத்துக்காரன். பத்தொன்பது வயதிலேயே சர்க்கரை வியாதி வந்து, காலையும் மாலையும் ஊசி போட்டுக்கொண்டு உயிரை ஓட்டுகிறவன். சனிக்கிழமை சாயங்காலம் வேலைக்கு இருந்தவன் வீடு திரும்பவில்லை. நாலு ஊசி தவறிவிட்டது. இன்று பொழுது சாய்வதற்குள் அஞ்சாவது ஊசியாவது ஏறவில்லை என்றால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் கையை விரித்திருந்தார்.

"திருடிட்டு பெங்களூருக்கு ஓடிட்டாருன்னு முதலாளி சொல்றாரு. ஓடற மனுசன் ஊசியை விட்டுட்டு ஓடுவாரா?" அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அது வற்றி ஒரு நாள் ஆகியிருக்கும். "கண்டுபிடிச்சா முதல்ல ஊசியைப் போடுங்க. திட்டறதை நான் வந்து திட்டிக்கறேன்."

பக்கத்தில் நின்ற சென்னம்மாள் அக்கா அவள் தோளைத் தட்டினாள். "திட்டறதுக்கு ஆளைக் கொண்டுவந்து குடுக்கறது என் பொறுப்பு. நீ ஆஸ்பத்திரியில போய் உக்காரு."

அக்கா பதினெட்டு வருஷம் போலீசில் இருந்து, மேலதிகாரி ஒருவரை மேலதிகாரி என்றும் பாராமல் கேள்வி கேட்டதால் வெளியே வந்தவள். பாகலூர் ரோட்டில் டயர் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். நான் லால் பாஷா. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தி, சென்டர் மூடப்பட்டதும் அவளிடம் ஒட்டிக்கொண்டவன். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, எனக்கு தைரியம் தெரியாது. இரண்டு பேரையும் கூட்டினால் ஒரு முழு ஆள் தேறும்.

முதலாளி வெங்கடசாமி எங்களைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போனார். கூடவே மேனேஜர் முனிவேல். அமைதியான மனிதர், மடிப்புக் கலையாத சட்டை, கேட்பதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போடுகிற பணிவு.

"தகடு வெட்டற டையிக்கு ஒரு வருசமா அந்தப் பையன் போட்ட டிராயிங் பூரா இதுக்குள்ள இருந்துச்சும்மா," என்றார் முதலாளி. "வெளிய வித்தா லட்சக்கணக்குல போகும். காலையில வந்து பார்த்தா டிராயிங் எல்லாம் அழிஞ்சு கெடக்குது. ஆளையும் காணோம். வேற என்ன நெனைக்கறது? அது போதாதுன்னு இந்த சனியனுக்கு வேற கிறுக்குப் புடிச்சிருக்குது. போட்டதும் புது சாமான் கண்டுபிடிச்சேன், புது சாமான் கண்டுபிடிச்சேன்னு ஒரே அலப்பறை. நான் ஒரு ஸ்க்ரூகூடப் புதுசா வாங்கல."

என் முழங்கால் நின்றது. மூளை ஓட ஆரம்பித்தால் அது நின்றுவிடும்.

அக்கா கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. அதன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜை முடிந்து பத்து நாள். லேத், டிரில்லிங், ஆபீஸ் பீரோ, எடை மெஷின் என்று கம்பெனியில் எல்லாவற்றுக்கும் முதலாளியே தன் கையால் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பார். அடுத்த பூஜை வரை அதை யாரும் துடைக்கக்கூடாது. கம்ப்யூட்டருக்கும் வைத்திருந்தார். மூடியும் பெட்டியும் சேருகிற இடுக்கின் மேலேயே.

அக்கா அந்தப் பொட்டை விரலால் தொட்டாள். விரலை ஒரு காகிதத்தில் துடைத்து, மடித்து, கைப்பைக்குள் வைத்தாள்.

"தொண்டை காயுது. ரெண்டு பேரும் போய் டீ சொல்றீங்களா?" என்றாள். முதலாளியும் மேனேஜரும் போனார்கள். கதவைச் சாத்தினாள்.

"பாஷா, மத்த மெஷின்ல எல்லாம் சந்தனம் காஞ்சு வெடிச்சிருக்குது. இதுல சந்தனமே இல்ல. நேத்தோ இன்னிக்கோ வச்ச பொட்டு. எவனோ மூடியைத் தொறந்திருக்கான். பொட்டு ரெண்டா பொளந்துடுச்சு. மறுபடி வச்சுட்டுப் போயிருக்கான்."

"திம்மப்பனா?"

"ஓடிப்போறவனுக்குப் பொட்டு அழிஞ்சா என்ன, பெட்டி அழிஞ்சா என்ன? இதை வச்சவன் நாளைக்கும் இங்க வேலைக்கு வரப்போறவன். சாமிக்கும் பயம், முதலாளிக்கும் பயம். சரி, கிறுக்குப் புடிச்சிருக்குன்னாரே, அது என்ன?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ஒவ்வொரு கார்டும் ஒவ்வொரு பாஷை பேசும். படம் காட்டற கார்டு கன்னடம், சத்தம் போடற கார்டு தெலுங்குன்னு வச்சுக்குங்க. விண்டோஸுக்கு நேரா எதுவும் புரியாது. நடுவுல மாத்திச் சொல்ற ஆள் வேணும். அந்த ஆளுக்குப் பேரு டிரைவர். சின்ன புரோகிராம், பிளாப்பியில வரும். தெரியாத கார்டைப் பார்த்துட்டா, மாத்திச் சொல்ற ஆள் எங்கேன்னு கேட்டு அந்த பிளாப்பியைப் போடச் சொல்லும்."

"இங்க யாரும் கார்டு மாத்தலையே."

"அதான். ஊரு மாறல, ஆளு மாறல, ஆனா எல்லாம் புதுசாத் தெரியுதுன்னா என்ன அர்த்தம்? இது வெளியூர் போயிட்டு வந்திருக்குது. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி, வேற ஒரு கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை லீவு. இன்னிக்குக் காலையில திரும்ப மாட்டிட்டாங்க. பிளாப்பியில காப்பி எடுக்கலாம்னா இந்த டிராயிங்குக்கு நூறு பிளாப்பி வேணும். அதுமட்டும் இல்ல, டிராயிங்கைத் தொறக்கற பாஸ்வேர்டு திம்மப்பனுக்குத்தான் தெரியும். டிஸ்க்கையும் தூக்கணும், ஆளையும் தூக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது.

"எந்த வீட்டுக்குப் போச்சுன்னு கேக்க முடியுமா?" என்றாள் அக்கா.

"விண்டோஸுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு தடவை பார்த்த கார்டை மறக்காது. கழட்டி எறிஞ்சாலும் பேரை மனசுல வச்சிருக்கும். சும்மா கேட்டா சொல்லாது. சேஃப் மோட்னு ஒண்ணு இருக்குது. அரைத்தூக்கத்துல எழுப்பிக் கேக்கற மாதிரி. அப்ப எல்லாத்தையும் கக்கிடும்."

"ஸ்டேஷன்ல நாங்களும் அப்படித்தான் கேப்போம்."

எஃப்-எட்டு பட்டனைத் தட்டி அரைத்தூக்கத்தில் எழுப்பினேன். பட்டியல் வந்தது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு படக் கார்டு. இரண்டு மௌஸ். என் கையில் இருந்தது ஒரே ஒரு மௌஸ்தான். இல்லாத சாமான்களின் பேர் வரிசையாக நிற்பதைப் பார்க்க, ஆளில்லாத வீட்டில் செருப்பு மட்டும் கிடப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு பேர். அதை விரலால் தொட்டு அக்காவுக்குக் காட்டினேன்.

"வீடியோ கேப்சர் கார்டு. கேசட்டுல இருக்கிற படத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள இழுக்கறது. டையி டிராயிங் போடற எவனுக்கும் வேண்டாதது. கல்யாண வீடியோவுல மாப்பிள்ளை தலையை இதயத்துக்குள்ள சுத்த விடுவாங்களே, அவங்களுக்குத்தான் வேணும். இந்த வட்டாரத்துல இதை வச்சிருக்கிற ஒரே ஆள் பேரிகை மாரிசாமி. போன வருசம் இந்தக் கார்டை மாட்டிக் குடுத்தவனே நான்தான் அக்கா."

கதவு திறந்தது. டீ கிளாஸோடு முனிவேல். நான் படாரென்று சுவிட்சை அணைத்தேன்.

"ஏதாவது தெரிஞ்சுதுங்களா மேடம்?"

"பழைய மெஷின் தம்பி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. பேரிகை வரைக்கும் போகணும். ஒருத்தரைப் பார்க்கணும்."

பின்னாலேயே வந்த முதலாளி உடனே சொல்லிவிட்டார். "முனிவேலு, உன் ஜீப்புல கூட்டிட்டுப் போப்பா."

அக்கா பின்னால் ஏறிக்கொண்டு என்னை முன் சீட்டில் உட்கார வைத்தாள். பாகலூர் தாண்டியதும் ரோட்டில் பள்ளம் அதிகம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிளாஸ்க்கைப் பெற்ற பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டேன். பன்னிரண்டே முக்கால். திம்மப்பன் எங்கே எப்படிக் கிடக்கிறானோ, தண்ணீர் கேட்டுக் கத்துகிறானோ, கத்தவே தெம்பில்லாமல் போய்விட்டதோ என்று நினைக்க நினைக்க என் உள்ளங்கை வேர்த்து பிளாஸ்க் வழுக்கியது.

"பாவம், நல்ல பையன்," என்றார் முனிவேல். "ஊசி இல்லாம எத்தனை நாள் தாங்கும்னு டாக்டர் சொன்னாருங்க?"

"இன்னிக்கு சாயங்காலம்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வண்டி கொஞ்சம் மெதுவானது போல எனக்குத் தோன்றியது. பயந்தவனுக்கு எல்லாம் தோன்றும்.

டாஷ்போர்டில் ஒரு ஆஞ்சநேயர் படம், அதன் காலடியில் ஒரு காகிதப் பொட்டலம். அக்கா பின்னாலிருந்து கையை நீட்டினாள். "பிரசாதமா தம்பி? ஒரு சிட்டிகை எடுத்துக்கறேன்." எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, விரலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரிக்கு இத்தனை பக்தியா என்று நினைத்துக்கொண்டேன்.

பேரிகைச் சந்தைத் திடலில் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். "இங்கேயே இருங்க தம்பி. சாவியைக் குடுங்க, கைப்பையை முன் பெட்டியில வச்சுப் பூட்டணும்." பூட்டினாள். சாவியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள். ஞாபகப்படுத்த வாயைத் திறந்தேன். என் காலை மிதித்தாள்.

இரண்டு சந்து தள்ளி மாரிசாமியின் வீடியோ கடை. என்னைப் பார்த்ததும் உள்ளே தெலுங்கில் சத்தம் போட்டு டீக்குச் சொன்னான். கடையில் கேமரா இருந்தது, டி.வி. இருந்தது, கல்யாண மண்டபத்தையே வெளுக்க வைக்கிற ஆயிரம் வாட் லைட் ஸ்டாண்டில் நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் இல்லை.

"அதை வித்துட்டனே பாஷா, மூணு வாரம் ஆச்சு. பொண்ணு காதுகுத்துக்கு செலவு இருந்துச்சு. கார்டோட சேர்த்து அப்படியே ஒருத்தரு தூக்கிட்டாரு."

"யாரு?" என்றாள் அக்கா.

"பேரு கேக்கலம்மா. பெரிய மனுசன் மாதிரி இருந்தாரு."

"மூஞ்சி ஞாபகம் இருக்குதா?"

மாரிசாமி சிரித்தான். "வீடியோக்காரன்கிட்ட வந்து மூஞ்சி ஞாபகம் இருக்கான்னு கேக்கறீங்களே. கார்டு வேலை செய்யுதான்னு காட்டறதுக்கு அவரையே ஒரு நிமிசம் புடிச்சு, இழுத்து, டிசைன் போட்டுக் காமிச்சேன். கேசட்டு இங்கதான் கெடக்குது."

வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டி.வி. முன்னால் நின்றோம். முதலில் கோடு கோடாக ஓடியது. பிறகு நாலு மூலையிலும் ரோஜாப்பூ மலர்ந்தது. நடுவில் ஒரு சிவப்பு இதயம் சுற்றிக்கொண்டே வந்து நின்றது. அந்த இதயத்துக்குள், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, மேனேஜர் முனிவேல்.

அதுவரை என் முதுகில் வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று சுடவில்லை.

"அட, வாங்க சார்!" என்றான் மாரிசாமி. "உங்களைத்தான் பார்த்துக்கினு இருந்தோம்."

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. என் சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. கழுத்தில், காதுக்குக் கீழே, சில்லென்று ஏதோ அழுந்தியது. ரோஜாக் கொம்பு வெட்டுகிற கத்தரி.

"ஜீப் சாவி," என்றார் முனிவேல். அதே பணிவான குரல். "குடுங்க மேடம். நான் கர்நாடகா பக்கம் போயிடறேன். போய்ச் சேர்ந்ததும் அவன் எங்க இருக்கான்னு போன் பண்ணிச் சொல்றேன்."

"இப்பச் சொல்லுங்க, சாவி தர்றேன்."

"சொன்னா விட்டுடுவீங்களா? இங்க பாருங்க, அவன் இருக்கிற இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். என்னைப் புடிச்சு உள்ள வச்சா நான் வாயைத் தொறக்க மாட்டேன். நாளைக்குக் காலையில நீங்க பொணத்தைத் தேடுங்க."

பிளாஸ்க்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தேன். கை ஆடியதில் உள்ளே ஐஸ் கடகடவென்று சத்தம் போட்டது. என் உயிர் போவதைவிட இது கீழே விழுந்துவிடுமோ என்று அந்த நிமிஷம் அதிகம் பயந்தேன். என்னைப் பற்றி நானே நல்லவிதமாக நினைத்துக்கொள்ள வாழ்க்கையில் கிடைத்த ஒரே நிமிஷம் அதுதான்.

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். நீட்டினாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் எதிராளிக்கு இறங்கிப்போவதைப் பார்த்தேன். போச்சு, இவளுக்கே வழி தெரியவில்லை என்றால் அவ்வளவுதான்.

மாரிசாமி எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாரு எங்க இருக்காங்கன்னு தேடறீங்க? சாரோட ரோஸ் தோட்டத்தையா? அது எனக்குத் தெரியுமே."

கத்தரி என் கழுத்தில் அசையாமல் நின்றது.

"நேத்து காலையில சாருதான போன் பண்ணாரு? கம்ப்யூட்டரைப் போட்டா கேப்சர் கார்டுக்கு டிரைவர் பிளாப்பி கேக்குது, அதைத் தாண்டி நகர மாட்டேங்குதுன்னு. பாகலூருக்கு இந்தப் பக்கம், ஏரிக்கரை ரோஸ் தோட்டம். நானே மொபெட்டுல கொண்டுபோய் பம்ப்செட் ரூம் வாசல்ல குடுத்துட்டு வந்தேன்." பிறகு என்னைப் பார்த்து, "கேன்சல் அடிச்சிருந்தாலே போயிருக்கும். சாருக்குத் தெரியல போல," என்றான்.

அக்காவின் விரல்கள் சாவியின் மேல் மூடிக்கொண்டன. மறு கை பக்கத்து சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டியது. ஆயிரம் வாட் வெளிச்சம் முனிவேலின் கண்ணில் அறைந்தது. அவர் அலறிக்கொண்டு கையை முகத்துக்குக் கொண்டுபோனார். நான் பிளாஸ்க்கோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அக்கா அவர் கையை முறுக்கி முதுகுக்குக் கொண்டுபோன லாவகத்தில் அந்தப் பதினெட்டு வருஷமும் தெரிந்தது. லைட் வயராலேயே கட்டினாள். சந்தைக்கு வந்திருந்த நாலு பேர் வந்து அவர் மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

"மாரிசாமி, ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிட்டு ஜீப்புல ஏறு. ஏன்யா, இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க மூஞ்சியைத்தான கேட்டீங்க. இடம் கேக்கலையே!"

பம்ப்செட் அறைக்குப் பெரிய பூட்டு. அக்கா கல்லால் அடித்து உடைத்தாள். வெளியே தோட்டம் முழுக்க ரோஜா மணம். கதவு திறந்ததும் உள்ளிருந்து பழம் அழுகின வாடை. சர்க்கரை மிஞ்சிப்போனவர்களின் மூச்சு அப்படித்தான் அடிக்கும் என்று சரஸ்வதி சொல்லியிருந்தாள். மேஜையில் அந்தக் கம்ப்யூட்டர். மேஜைக்குக் கீழே, சாக்கின் மேல், உதடு வெடித்து, நெஞ்சு மட்டும் வேகவேகமாக ஏறி இறங்க, திம்மப்பன்.

நான் பிளாஸ்க்கைத் திறந்தேன். அக்கா சீட்டைப் படித்து, ஊசியில் மருந்தை ஏற்றி, அவன் வயிற்றில் போட்டாள். ஊசியைப் பார்த்தாலே மயங்குகிறவன் நான். அன்று கண்ணை மூடவில்லை.

"பாஸ்வேர்டு சொன்னா ஊசி தர்றேன்னான்," என்று திம்மப்பன் முணுமுணுத்தான். "சொன்னேன். தரல."

ஓசூர் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பை அக்காவே ஓட்டினாள். டாஷ்போர்டில் ஆஞ்சநேயர் குலுங்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொட்டலம்," என்றேன்.

"செந்தூரம். கம்ப்யூட்டர்ல வச்சிருந்ததும் செந்தூரம்தான். முதலாளி வைக்கிறது குங்குமம். பொட்டு பொளந்ததும் பயந்துட்டான், கைக்குக் கெடச்சதை எடுத்து வச்சுட்டான்."

"அப்ப வண்டியில வரும்போதே தெரியும். தெரிஞ்சும் என்னை அவன் பக்கத்துல உக்கார வச்சுட்டு வந்தீங்களா?"

"உன் மூஞ்சி எப்பவும் பயந்த மாதிரிதான் இருக்கும். அதைப் பார்த்தா யாருக்கும் சந்தேகம் வராது."

திம்மப்பன் தலை என் மடியில் இருந்தது. மூச்சு விடுகிறானா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

டிரிப் ஏற்றி, இன்னும் இரண்டு முறை மருந்து போட்டு, மாலை ஆறரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து தலையசைத்தார். சரஸ்வதி கட்டிலருகே போய் நின்றாள்.

"ஊசி போட்டாச்சும்மா," என்றாள் அக்கா. "இனிமே உன் பாடு."

சரஸ்வதி அவன் போர்வையை இழுத்துவிட்டாள். திம்மப்பன் கண்ணைத் திறக்காமலே, டிரிப் ஏறாத கையைத் துழாவி அவள் புடவை நுனியைப் பிடித்தான்.

"திட்டு சரசு," என்றான். "கேக்கறேன்."

பிறகு அவள் திட்டினாள் பாருங்கள். காவேரிப்பட்டினத்தில் ஆரம்பித்து, அவன் பரம்பரை, அவன் கம்பெனி, அவன் டிராயிங் என்று ஒன்றையும் விடவில்லை. நர்ஸ் வந்து வாசலில் நின்றாள். சத்தம் போடாதே என்று சொல்லத்தான் வந்திருப்பாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.